பூட்டிய லைன் வீடு: பந்தலூர் மலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"அம்மா பிள்ளைகள் மூன்று பேரையும் வீட்டுக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். நான்கு வயதுப் பையனின் கையில் சூடு வைத்த காயம் இருக்கிறது." 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு ஓர் ஆசிரியை கொடுத்த தகவல் இவ்வளவுதான். இடம், நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்தின் லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்காக வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று.

தகவலில் பொய் எதுவும் இல்லை. பூட்டியது உண்மை, சூடு வைத்ததும் உண்மை. ஆனால் இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுத்திருந்தால், பிள்ளைகள் மூன்று பேரும் இந்நேரம் தாயைப் பிரிந்து ஆளுக்கொரு இல்லத்தில் இருந்திருப்பார்கள். அப்படி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை, யார் யார் என்ன செய்ய வேண்டியிருந்தது, எது நடந்தது, எது இன்னும் நடக்கவில்லை என்று எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு சிறிய தொண்டுக் குழுவில் இருக்கிறேன். தகவல் போன பிறகு இந்தக் குடும்பத்துக்குத் துணையாக இருக்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவில் தடை செய்கிறது. அதனால் தோட்டத்தின் பெயர் இங்கே வராது. வயது, வேறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பக்கத்துக் குடும்பங்களில் பார்த்ததையும் ஓரிரண்டு இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஆசிரியை கவனித்தது

பெரியவள் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிற பெண். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள் என்று வராமல் போனாள். வந்த நாட்களில் காலைச் சிற்றுண்டிக்கு உட்காரும்போது தட்டில் பாதியை விட்டுவைப்பாள். எல்லோரும் எழுந்த பிறகு பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து உப்புமாவை அதில் வழித்துக்கொள்வாள். சமையல் செய்யும் அக்கா கேட்டதற்கு, "தம்பிக்கு" என்றாள்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அதோடு தினமும் காலையில் ஒரு பெரியவர் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறார். யார் வரவில்லை, யார் அவசரமாக விழுங்குகிறார்கள், யார் டப்பாவில் எடுக்கிறார்கள் என்பது வருகைப் பதிவேட்டில் ஏறாது. அந்த டப்பாவைச் சமையல் அக்கா ஆசிரியையிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

ஆசிரியை பெரியவளிடம் மெதுவாகப் பேசினார். அவள் வராத நாளெல்லாம் தம்பியையும் கைக்குழந்தையையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறாள். வந்த நாட்களில் தம்பியும் பாப்பாவும் மட்டும் பூட்டிய வீட்டுக்குள். ஒரு நாள் சாயங்காலம் லைனுக்கே போன ஆசிரியை, பையனின் முன்கையில் தோசைக்கரண்டியின் முனை அகலத்துக்கு இருந்த காயத்தைப் பார்த்தார். தாய் எதையும் மறைக்கவில்லை. ஆசிரியை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது அந்தத் தாய் கேட்ட கேள்வியைத்தான்:

"பூட்டாமப் போனா புலி தூக்கிரும் டீச்சர். பூட்டிட்டுப் போனா நீங்க கேஸ் குடுப்பீங்க. நான் என்னதான் செய்ய, நீங்களே சொல்லுங்க."

காலை ஏழிலிருந்து மாலை ஐந்தரை வரை

அந்தப் பக்கத்தில் சிறுத்தையைத்தான் புலி என்பார்கள். அந்தப் பயத்தைச் சாக்கு என்று யாரும் தள்ளிவிட முடியாது. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கம், அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை இழுத்துப்போய்க் கொன்றது. வடமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளரின் குழந்தை. அதற்குப் பிறகு எந்த லைனிலும் தாய்மார்கள் பிள்ளைகளை வாசலில் விளையாட விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனதில்லை. போதாததற்கு யானை வரும் பாதையும் அது. கதவுக்குப் பூட்டுப் போடுவது அந்த மலையில் பாசமுள்ள ஒரு தாய் செய்கிற காரியம்தான். அதே பூட்டுதான் நெருப்புப் பிடித்தால் பிள்ளைகளின் உயிரை எடுக்கும்.

அந்தத் தாயின் ஒரு நாளை எழுதிப் பார்த்தோம். காலைப் பெரட்டு, அதாவது அன்றைய வேலைக்குப் பெயர் பதியும் நேரம், ஏழரைக்கு. வீட்டிலிருந்து ஏழு மணிக்கே இறங்க வேண்டும். தாமதமானால் அன்றைக்குப் பெயர் விழாது. கொழுந்து எடை போட்டு முடித்து, வீடு வந்து சேரும்போது மணி ஐந்தரை. சீசனில் கூடுதல் கிலோவுக்குத் தனிக் காசு என்பதால் இன்னும் பிந்தும். அங்கன்வாடி கீழே ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, தேயிலைக் காட்டுக்கும் ஓடைக்கும் நடுவே போகும் பாதையில் இருக்கிறது. அது திறக்கும்போது தாய் மலைமேல் தேயிலைச் செடி வரிசையில், நிரையில் நிற்பார். அது பூட்டும்போதும் அவர் நிரையில்தான் நிற்பார். கொண்டுபோய் விடவும் ஆள் இல்லை, கூட்டி வரவும் ஆள் இல்லை. ஆக, பதிவேட்டில் பையனின் பெயர் அங்கன்வாடியில் இருந்தது. பையன் பூட்டிய வீட்டில் இருந்தான்.

அந்தத் தாய்க்கு வயது இருபத்தேழு. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தின் மூன்றாவது தலைமுறை. தற்காலிகத் தொழிலாளி. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. பணம் அனுப்புவதில்லை. மாதத்தில் ஒரு தடவை வருவார், குடித்துவிட்டு வருவார், அடிப்பார், இரண்டு நாளில் போய்விடுவார். தாயின் தாய் இறந்துவிட்டார். மாமியார் தோட்டத்தின் வேறு பகுதியில், வேறு டிவிஷனில்; மகன் பக்கம்.

வீட்டுக்குள் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மூலையில் மூடி போட்ட வாளி, பிள்ளைகள் ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக. ஃபிளாஸ்க்கில் பால். பிஸ்கெட் பாக்கெட் எட்டாத உயரத்தில், பெரியவளுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி. கதவின் உள்பக்கம் கரித்துண்டால் போட்ட கோடுகள். பாப்பாவுக்கு ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் பெரியவள் ஒரு கோடு போடுவாளாம். அம்மா வந்து எண்ணிப் பார்ப்பாராம். அலட்சியமான தாயின் வீட்டில் இப்படி ஒரு கணக்கு இருக்காது. பத்து வயதுப் பெண் அந்தக் கணக்கைச் சுமந்ததும் சரியில்லை. அறிக்கையில் இரண்டையும் எழுதினோம்.

அந்தத் தோட்டத்தில் ஒரு காலத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்களையும் சேர்த்து ஐம்பது பெண்கள் வேலை செய்தாலோ, பெண் தொழிலாளர்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருபது பேர் இருந்தாலோ காப்பகம் நடத்தியாக வேண்டும் என்று வைத்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் ஓய்வு பெறப் பெற, அவர்களுடைய பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போகப் போக, அந்த டிவிஷனில் ஆள் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே வந்ததும் காப்பகத்தைப் பூட்டினார்கள். இப்போது அங்கே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பதினான்கு பேர். அந்தச் சட்டத்தின் கணக்கில் இருபது பேர் இருந்தால் கடமை, பதினான்கு பேர் என்றால் யாருக்கும் கடமை இருக்கவில்லை. பூட்டிக் கிடக்கும் காப்பகக் கட்டடத்துக்கும் அந்தத் தாயின் வீட்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான்.

சூடு

காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றவரே செய்தாலும் அது குற்றம். குழந்தையைத் தாக்குவது, கொடுமைப்படுத்துவது, புறக்கணிப்பது ஆகியவற்றுக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நாங்கள் யாரும் தாயிடம் இதை மூடி மறைத்துப் பேசவில்லை.

நடந்தது இது. பூட்டிய வீட்டுக்குள் பையன் தீப்பெட்டியை எடுத்து விளையாடியிருக்கிறான். பாயின் ஓரம் கருகிவிட்டது. பெரியவள் தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறாள். மாலையில் வந்த தாய் பாயைப் பார்த்தார். "பத்து வீடு சேர்ந்த லைனு அக்கா. ஒண்ணு பிடிச்சா எல்லாம் போயிரும். உள்ள மூணும் இருக்கு, வெளியே பூட்டு தொங்குது. அத நெனச்சதும் எனக்கு கையும் ஓடல காலும் ஓடல." தோசைக்கரண்டியைக் காயவைத்து, இனி நெருப்பைத் தொடுவியா என்று கேட்டபடி வைத்துவிட்டார். அன்று இரவு முழுக்க அவனை மடியில் போட்டுக்கொண்டு தூங்காமல் இருந்ததாகப் பெரியவள் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் தாய் தன் புடவையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் காட்டினார். பழைய தழும்பு. "எங்கம்மா வெச்சது." அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்த வீடுகள் இவை, என் வீடும் சேர்த்து. 2007-இல் இந்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்த ஆய்வில் மூன்று பிள்ளைகளில் இருவர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டவர்கள் என்று தெரிய வந்தது. குடும்பத்துக்குள் அடி வாங்கியவர்களில் 88.6 விழுக்காட்டினரை அடித்தவர்கள் பெற்றோர். இத்தனை வீடுகளில் நடப்பதை ஒவ்வொரு தாயாகத் தண்டித்து நிறுத்த முடியாது.

குழந்தைகள் நலக் குழுவின் முன்

தகவல் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், அங்கிருந்து குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட குழு அது. சமூக விசாரணை அறிக்கையைப் பதினைந்து நாளில் முடித்து, நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும் என்பது சட்டம். பையனை முதலில் அரசு மருத்துவமனையில் காட்டினார்கள். காயம் ஆறிக்கொண்டிருந்தது, வேறு பழைய காயங்கள் இல்லை. பாப்பாவின் எடை வயதுக்குக் குறைவு.

பந்தலூரிலிருந்து ஊட்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல். கூடலூர் வந்து, நடுவட்டம் ஏறி, பைக்காரா தாண்டிப் போக வேண்டும். கைக்குழந்தையோடு ஒரு விசாரணைக்குப் போய் வந்தால் அன்றைய கூலி போச்சு, பஸ் காசு வேறு. விசாரணைக்குக் கூப்பிடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வராத தாயை ஒத்துழைக்காத தாய் என்று எழுதிவிடுவது மிகச் சுலபம்.

குழுவின் முன் இருந்த வழிகள் இரண்டு. பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்புவது ஒன்று. குடும்பத்திலேயே வைத்து, கண்காணிப்போடு உதவி சேர்ப்பது மற்றொன்று. பராமரிப்பின் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நடைமுறையில் இல்லம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஓர் உத்தரவு, ஒரு வண்டி, முடிந்தது. குடும்ப உதவிக்கோ ஐந்து அலுவலகம், பத்துக் காகிதம். அவசரத்தில் இருக்கும் அதிகாரி எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குழு பொறுமையாக இருந்தது. பெரியவளிடம் தனியாகப் பேசினார்கள். அவள் அம்மாவிடம் பயம் இல்லை என்றும், அப்பா வரும் நாளில் பயம் என்றும் சொன்னாள். தாயிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு, பூட்டு உடனே அகல வேண்டும், மாதம் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பிள்ளைகளைத் தாயிடமே விட்டார்கள்.

பூட்டு அகல வேண்டும். சரி, அப்புறம் காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

காப்பக அறை

மூடிக் கிடந்த காப்பகத்தைத் திறக்கச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் முதலில் போனது தொழிற்சங்கத் தலைவரும் லைன் பெண்களும்தான். நாங்கள் கூடப் போனோம். நிர்வாகம் சட்டத்தில் எங்களுக்குக் கடமை இல்லை என்றது. கடமை கேட்டு வரவில்லை, சாவி கேட்டு வந்திருக்கிறோம் என்றார் ஓர் அம்மா. பேச்சு நீண்டது. கட்டடமும் தண்ணீரும் நிர்வாகம் தரும், நடத்துவது நாங்கள் என்று ஒப்பந்தம் ஆனது. ஓடு மாற்றினோம். வேலிக்குக் கம்பி கட்டினோம். வாசலுக்கு விளக்குப் போட ஊராட்சி முன்வந்தது.

பார்த்துக்கொள்ள யார் என்பதில் எங்களுக்கு வேறு யோசனை இருந்தது. பயிற்சி பெற்ற இளம்பெண் யாரையாவது வைக்கலாம் என்று நினைத்தோம். லைன் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டியைச் சொன்னார்கள். "அவங்க கையில வளராத புள்ள இந்த லைன்ல இல்ல" என்றார்கள். அவருக்குத் துணையாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண். காலை ஆறே முக்காலுக்கு அறை திறக்கும். ஒன்பது மணிக்கு மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கூட்டமாக, இரண்டு பெரியவர்கள் முன்னும் பின்னுமாக, அங்கன்வாடிக்குக் கூட்டிப்போவார்கள். பிற்பகலில் திரும்பக் கூட்டி வருவார்கள். கைக்குழந்தைகள் அங்கேயே இருப்பார்கள். பக்கத்து நிரையில் வேலை இருக்கும் நாட்களில் தாய் பத்து மணிக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போக மேஸ்திரி ஒத்துக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டால் பூட்டு அகன்றது. அறிவுரையாலோ எச்சரிக்கையாலோ அது நடந்திருக்காது. பெரியவள் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பள்ளியில். தட்டிலிருந்ததை டப்பாவில் எடுப்பதும் கொஞ்ச நாளில் நின்றது என்று சமையல் அக்கா சொன்னார்.

அறை திறந்த பிறகு தெரிய வந்த ஒன்று: அந்தப் பதினான்கு பிள்ளைகளில் பூட்டிய வீட்டில் இருந்தவர்கள் வேறு ஐந்து பேர். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளும் அதில் அடக்கம். அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியாது. எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, யாரிடம் கேட்பது என்று எதுவுமே தெரியாது. இவர்களைப் பற்றி யாரும் புகார் கொடுக்கவில்லை. புகார் வந்த வீட்டுக்கு மட்டும் உதவி போனால் இவர்கள் விபத்து நடக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் லைனில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறேன். எல்லோருக்கும் பொது என்றால் கெட்ட தாய் என்ற பெயரும் யார்மீதும் ஒட்டாது.

பணமும் காகிதமும்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், இந்தத் தாய்க்கு வரவில்லை. ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான். இவர் பெயர் இன்னும் மாமியாரின் அட்டையில் இருந்தது. தொகை மாமியாருக்குப் போனது. அரிசியும் அங்கேதான். தனி அட்டை வாங்க வேண்டும் என்றால் பெயர் நீக்கம், கணவரின் ஆதார், வீட்டு முகவரிச் சான்று. லைன் வீடு நிர்வாகத்தின் வீடு, இவரோ தற்காலிகத் தொழிலாளி, வீடு பதிவாகியிருப்பது இறந்துபோன தாயின் பெயரில். இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கவே மாதங்கள் ஆயின. வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஓர் ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தைச் சரி செய்து கொடுத்தார். அவருடைய அந்த அரை மணி நேரத்தையும் நான் குழந்தைப் பாதுகாப்பு என்றே எண்ணுகிறேன்.

அடுத்தது நிதி ஆதரவு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில், பிள்ளை குடும்பத்தை விட்டுப் பிரியாமல் இருப்பதற்காக மாதம் 4,000 ரூபாய் தரும் வழி இருக்கிறது. கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 6,000. சீசனில் எல்லா நாளும் பெயர் விழுந்தால் ஒரு பெண் தன் இரண்டு கையால் அதைத் தாண்டிவிடுவார். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, பனியும் வறட்சியும் சேர்ந்து கொழுந்து வராத மாதங்களில், தற்காலிகத் தொழிலாளிக்குப் பாதி நாள் கூட வேலை கிடைக்காது. எந்த மாதத்தை வைத்து வருமானச் சான்று எழுதுவது? மாதத்துக்கொரு தடவை வந்து அடித்துவிட்டுப் போகும் கணவர் இருக்கும்போது கைவிடப்பட்டவர் என்று யார் சான்று கொடுப்பது? மாவட்ட அலகின் சமூகப் பணியாளர் நேரில் வந்து விசாரித்து எழுதிய பிறகே பெரியவள் பெயரில் ஒப்புதல் கிடைத்தது.

பணம் பிள்ளை வளர்ப்போடு எப்படிச் சேர்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலி ஒரு டாலர் உயர்ந்த மாநிலங்களில், குழந்தைப் புறக்கணிப்புப் புகார்கள் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததாக 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. தாய்மார்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கூலி மட்டும் கூடியது. எங்கள் லைனில் இதை நிரூபிக்க ஆய்வு எதுவும் நடக்கவில்லை. ஆனால் கொழுந்து இல்லாத மாதங்களில் எந்த வீட்டில் சத்தம் கூடும் என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வீடு தேடி வருகிறவர்

பாப்பா பிறந்த பிறகு கிராம சுகாதார செவிலியர் வந்திருக்கிறார். தடுப்பூசி போட்டார், எடை பார்த்தார், அட்டையில் எழுதினார். பிள்ளை பிறந்ததிலிருந்து தாய்க்குத் தூக்கம் இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, சில நாள் பாப்பா அழுதால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. அந்தச் செவிலியர்மேல் குற்றமில்லை. மலையில் சிதறிக் கிடக்கும் ஊர்களை அவர் ஒருவரே ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அனுப்பினோம். மருந்தும் பேச்சும் சேர்ந்து மூன்றாம் மாதத்தில் முகம் தெளிந்தது.

கருவுற்ற நாளிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரத்தில் 1970-களின் கடைசியில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் தொடங்கிய சோதனை அது. முதல் பிள்ளை வயிற்றில் இருந்த 400 பெண்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், ஏழைகள், துணையில்லாதவர்கள். ஒரு பகுதியினருக்குக் கர்ப்ப காலம் முதல் பிள்ளைக்கு இரண்டு வயதாகும் வரை செவிலியர் வீட்டுக்கு வந்தார். பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, செவிலியர் வந்த குடும்பங்களில் உறுதியான துன்புறுத்தல், புறக்கணிப்புப் புகார்கள் 48 விழுக்காடு குறைவு. ஆனால் கணவனின் வன்முறை மிக அதிகமாக இருந்த வீடுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை என்று அதே குழுவினர் பின்னர் எழுதினார்கள்.

இதை அமெரிக்காவிலிருந்து கொண்டு வர வேண்டும் என்றும் இல்லை. பக்கத்திலேயே, கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனை, பணியர், காட்டுநாயக்கர் போன்ற சமூகங்களின் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்புகிறது. வீட்டுக்கு வருகிறவர் தன் பாஷை பேசுகிறவராக இருந்தால் தாய் வாய் திறந்து சொல்வார் என்பதற்கு அதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். தோட்ட லைன்களுக்கு அப்படி ஒரு பெண் பணியாளர் அரசு சம்பளத்தில் வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பக அறையில் தாய்மார்கள் கூடுகிறார்கள். தீப்பெட்டியை எங்கே வைப்பது, அடுப்பை மேடையில் ஏற்றுவது, பிள்ளை அடம் பிடித்தால் முதலில் என்ன செய்வது, கோபம் தலைக்கேறும்போது பிள்ளையை யார் கையில் கொடுத்துவிட்டு வெளியே வருவது. பேச்சு இப்படித்தான் போகும். கடைசியாகச் சொன்னது பாட்டியின் யோசனை. இப்போது லைனில் சொல்லி வைத்த மாதிரி ஆகிவிட்டது. எந்த வீட்டிலிருந்தும் ஒரு பெண் பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்து வீட்டில் கொடுத்தால், ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்பா

தந்தையைப் பொறுத்தவரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடியை விட அவர் சம்மதிக்கவில்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மனு போடலாம் என்று தாயிடம் சொன்னோம். பெண்கள் உதவி எண் 181-ஐப் பெரியவளுக்கும் சொல்லிக் கொடுத்தோம். தாய் மனு போட விரும்பவில்லை. அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மகளிர் குழுப் பெண்களும் சங்கத் தலைவரும் கணவரிடம் பேசினார்கள், இனி கை நீட்டினால் போலீஸ்தான் என்று. அதன் பிறகு வருவது குறைந்திருக்கிறது. எல்மைராவில் கண்ட எல்லை இங்கேயும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் எனக்கு மீதமிருக்கும் கவலை இதுதான்.

இந்த வழி பொருந்தாத இடம்

பாலியல் துன்புறுத்தல் என்றால் இதில் எதுவும் பொருந்தாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், தெரிந்த எவரும் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று 19-ஆவது பிரிவில் சொல்கிறது. மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. குடும்ப மானம், லைன் பஞ்சாயத்து, சங்கப் பேச்சு எதற்கும் அங்கே இடம் கிடையாது. அதுபோலவே, வேண்டுமென்றே திரும்பத் திரும்ப வதைக்கிற வீட்டிலிருந்து பிள்ளையை வெளியே எடுக்கத்தான் வேண்டும். குடும்பத்துக்கு உதவுவோம் என்கிற நாங்கள் இதை உரக்கச் சொல்லாவிட்டால், எங்கள் பேச்சை அடிக்கிறவர்கள் கேடயமாக்கிக்கொள்வார்கள்.

இப்போதைய நிலை

குழந்தைகள் நலக் குழுவின் கண்காணிப்பு முடிந்துவிட்டது. சூடு வைத்தது போன்ற எதுவும் மறுபடி நடக்கவில்லை. முதுகில் ஒரு அடி இன்னும் விழுகிறது, தாயே சொல்கிறார். பாப்பாவின் எடை தேறிவிட்டது. பெரியவள் ஆறாம் வகுப்புக்கு அடுத்த பள்ளிக்குப் போக வேண்டும்; காலைச் சிற்றுண்டி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும், பள்ளியும் தூரம். அதற்கு இன்னும் வழி பண்ண வேண்டும்.

காப்பக அறையின் செலவு எங்கள் குழுவின் நன்கொடையில் ஓடுகிறது. பாட்டிக்கும் உதவிப் பெண்ணுக்கும் கொடுக்கும் தொகை மிகச் சிறியது, அதுவும் மார்ச் வரைக்கும்தான் கையில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்காக மத்திய அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களுக்கு இடமிருக்கிறது. அந்த அறையை அதில் சேர்க்கக் கேட்டு, பதினான்கு பிள்ளைகளின் பெயர், வயது, தாய்மார்களின் வேலை நேரம் எல்லாம் இணைத்து மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். கிராம சபையிலும் தீர்மானம் போட்டாயிற்று. மனுவில் முதல் கோரிக்கை நேரத்தைப் பற்றியது: காப்பகம் எத்தனை மணிக்குத் திறப்பது என்பதை அலுவலக நேரம் பார்த்து முடிவு செய்யாமல், பெரட்டு நேரத்தைப் பார்த்து காலை ஏழு மணிக்கு முன் திறக்க வேண்டும். பக்கத்து டிவிஷன்களிலும் பிள்ளைகளின் கணக்கை எடுக்கத் தொடங்கியிருக்கிறோம்.